ராஜாவைக் கொன்ற அக்கா

மரக்காணத்தில் பஸ் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். முன் சீட்டில் ஓர் அக்காளும் தம்பியும். இரண்டு பேரும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"நேத்து ராஜாவைக் கொன்னுட்டேண்டா."

கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"எந்த ராஜாவை?" என்றான் தம்பி.

"சின்ன வயசுல டிவில மாட்டி ஆடுவோமே, மாமா துபாய்லேருந்து கொண்டாந்த கேம். பரண்ல கெடைச்சுது. கடைசிக் கோட்டைக்கே போயிட்டேன்."

"பொய் சொல்லாதக்கா. அதுக்குள்ள கரண்ட்டு போயிடும், திரும்ப மொதல்லேருந்து ஆடணும்."

"அப்பல்லாம் ஏன் போச்சு? மழை பெஞ்சாத்தான் உப்பளம் லீவு. மழை பெஞ்சா கரண்ட்டும் இருக்காது. நேத்து நல்ல வெயிலு. ஜொரம்னு சொல்லிட்டு நான் வேலைக்குப் போவல."

"அடிப்பாவி! நான்தான் மொதல்ல கொல்லுவேன்னு அப்பவே பந்தயம் கட்டுனேனே!"

"தோத்துட்டே."

அவன் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"ராஜா செத்தப்புறம் என்னக்கா வருது?"

எனக்கும் அது தெரிய வேண்டியிருந்தது. நான் இறங்க வேண்டிய கூனிமேடு பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"சொல்ல மாட்டேன். மழை வரட்டும், லீவு கெடைக்கும், நீயே ஆடிப் பாரு" என்று சொல்லி, பஸ்ஸே அதிரச் சிரித்தாள்.