மஞ்சள் தடவிய ஐந்நூற்று ஒரு வெள்ளி

"பாலிக்! பாலிக் ரூமா!"

போலீஸ்காரர் கையை வீசிக் கத்துகிறார். வீட்டுக்குத் திரும்பச் சொல்கிறார். விசில் சத்தம் காதைக் கிழிக்கிறது. முன்னால் ஒரு லாரி. பின்னால் மோட்டார்சைக்கிள்கள். நடுவில் எங்கள் பள்ளி வேன். உள்ளே பிள்ளைகள் இல்லை. முந்நூறு சில்வர் கிண்ணங்கள் இருக்கின்றன. வேன் குலுங்கும்போதெல்லாம் கலகலவென்று சத்தம்.

"திருப்புங்க! சீக்கிரம் திருப்புங்க!" நானும் கத்துகிறேன். என் கணவர் குணா வேனைத் திருப்புகிறார்.

2020, மார்ச் 18. புதன்கிழமை. நோய்க்காக நாட்டைப் பூட்டிய முதல் நாள். அந்தச் சனிக்கிழமை எங்கள் மகள் தீபாவுக்குச் சடங்கு. வயதுக்கு வந்ததற்குச் செய்யும் விழா. பள்ளி விடுமுறை பார்த்து நாள் குறித்தோம். ஈப்போவில் மண்டபம். முன்பணம் கட்டியாயிற்று. அதைத் திரும்ப வாங்கத்தான் கிளம்பினோம். விருந்தாளிகளுக்குக் கொடுக்க வாங்கிய கிண்ணங்களையும் கடையில் தள்ளிவிடலாம் என்று ஏற்றியிருந்தேன். புந்தோங் வட்டாரத்தைக்கூடத் தாண்டவில்லை.

குண்டு விழவில்லை. கூரை பறக்கவில்லை. இருந்தாலும் நான் அதைப் போர் என்றுதான் சொல்வேன். யாராவது சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

எங்களிடம் சேமிப்பு இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. மற்றவர்கள் வீட்டில் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு விழா விடாமல் மொய் வைத்தோம். கல்யாணம், காதுகுத்து, புதுமனை. கையைக் கடித்தாலும் வைத்தோம். குணாவுக்கு அதில் அப்படி ஒரு நம்பிக்கை. "பேங்க்ல போட்டா நாமளே எடுத்துத் தின்னுருவோம் பரமு. மொய்யா போட்டா பத்திரம்லா. நம்ம வீட்டுல ஒன்னு வந்தா எல்லாம் திரும்பி வந்துரும்" என்பார். நானும் தலையாட்டினேன். சடங்கு முடிந்து வரும் மொய்தான் எங்கள் ஆபத்துக் காசு. அதை நம்பி, கையில் இருந்ததை மண்டபத்திலும் பத்திரிகையிலும் கொட்டினோம்.

விழா நடந்தால்தான் மொய். விழாவுக்குத்தான் தடை.

பள்ளி இல்லை. வேன் ஓடவில்லை. வருமானம் அன்றோடு நின்றது. வங்கிக் கடன் வைத்திருந்தவர்களுக்குத் தவணையைத் தள்ளி வைத்தார்கள். நாங்கள் வேன் வாங்கியது ஒரு பழைய வண்டிக் கடையில். கையெழுத்துப் போட்டு, மாதாமாதம் நேரில் கட்டுவது. தொடர்ந்து இரண்டு மாதம் கட்டாவிட்டால் வேன் கடை முதலாளி தவுக்கேவுக்கு. வேன் போனால், பள்ளி திறந்தாலும் எங்களுக்குப் பிழைப்பு இல்லை. ஒரு தவணை நின்றுவிட்டது. அடுத்தது ஐந்நூறு வெள்ளி. வீட்டில் அரிசி இருந்தது. காசு இல்லை.

யாரிடம் கேட்பது? மொய் வாங்கியவர்களிடம் மொய்யைக் கேட்க முடியுமா? அப்படிக் கேட்டவர்கள் எங்கள் சனத்தில் இல்லை. குணா வேனுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். சாவியைப் போட மாட்டார். சும்மா உட்கார்ந்திருப்பார்.

ஏப்ரல் கடைசி. காலை நேரம். லாரி ஹாரன். இரண்டு முறை நீளமாக அடித்தது.

"அக்கா! கிட்ட வராதீங்க! அங்கேயே நில்லுங்க! கேட்டுல சொருகிட்டேன்!"

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ பசாருக்குக் காய்கறி ஏற்றி வரும் லாரிக்காரத் தம்பி. காய்கறி லாரிக்கு மட்டும் அனுமதி. கத்திவிட்டு நிற்காமல் போய்விட்டான். கேட்டில் ஒரு உறை. நான்கு மூலையிலும் மஞ்சள். உள்ளே ஐந்து நூறு வெள்ளித் தாள். ஒரு ஒற்றை வெள்ளித் தாள்.

என் கூடப் பிறந்த ராணி அக்கா அனுப்பியது. வேலை செய்த தோட்டத்தை நிர்வாகம் விற்றபோது, தொழிலாளர் குடியிருப்பான லயத்தை விட்டு இறங்கி, சுங்கை சிப்புட் ஓரத்தில் சின்ன வீட்டில் குடியேறியவள். புருஷன் இல்லை. பள்ளி கண்டீனில் வேலை. ஒரே மகள் மலர். கண்டீனும் அப்போது மூடித்தான் கிடந்தது. போன் செய்தேன். வாயைத் திறக்குமுன் அழுதுவிட்டேன்.

"ஏன்டி அழுற? சடங்குக்கு வைக்கிறதுக்கு எடுத்து வச்சது. சடங்கு நின்னா என்ன, புள்ள பெரியவளானது நெசந்தானே?"

ஐந்நூறைக் கொண்டுபோய்க் கட்டினார் குணா. வேன் தப்பியது. ஒற்றை வெள்ளியை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அக்காவிடம் இருந்த காசு அவ்வளவுதான் என்பது எனக்கு அப்போது தெரியாது. மலர் பிறகு சொன்னாள்.

பள்ளி திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. ஓடிய நாட்களில் பல்லைக் கடித்து ஐந்நூறு சேர்த்தேன். அந்த ஒற்றை வெள்ளியோடு புது உறையில் போட்டேன். அக்காவைக் கூப்பிட்டேன். அனுப்பட்டுமா என்றேன். கோபம் வந்துவிட்டது அவளுக்கு.

"மொய்யை யாராச்சும் கையில திருப்பிக் குடுப்பாங்களாடி? கடனா குடுத்தேன்? மலர் கல்யாணத்துல வந்து வையி. அதான் மரியாதை."

முறை அதுதான். மொய் மொய்யாகத்தான் திரும்ப வேண்டும். வெறும் கையில் திருப்பினால் உறவை முறிப்பதாகிவிடும். மலருக்கு நிச்சயமும் ஆகியிருந்தது. அதனால் வற்புறுத்தவில்லை. உறையை அலமாரியில் வைத்தேன்.

2021, ஜூலை. மறுபடி எல்லாம் பூட்டு. சைரன் சத்தம் பழகிவிட்டது. எங்கள் வரிசையில் ஜன்னலுக்கு ஜன்னல் வெள்ளைத் துணி. சோற்றுக்கு வழியில்லை, உதவுங்கள் என்பதற்கு அடையாளம். சடங்குக் கிண்ணங்களில் சாம்பார் ஊற்றி அந்த வீடுகளுக்கு அனுப்பினேன். போன கிண்ணம் வரவில்லை. வரவும் வேண்டாம்.

அக்கா வீட்டில் துணி தொங்கவில்லை. மலர் கட்டப் போனாளாம். "மொய் வைக்கிற குடும்பம்லா நாம" என்று அக்கா பிடுங்கிப் போட்டாளாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டபோதெல்லாம் சாப்பிட்டேன் என்றாள்.

அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. மருத்துவமனைக்குப் போகலாம் என்று மலர் கெஞ்சியிருக்கிறாள். காருக்குக் காசு வேண்டும். கையில் இருந்தது அரிசிக்கு. கஞ்சி குடித்தால் சரியாகிவிடும் என்று அக்கா நாளைக் கடத்தினாள்.

"சித்தி! அம்மாவுக்கு மூச்சு வரல! சித்தி!"

போனில் மலர் அலறுகிறாள். பின்னால் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். குணா சாவியை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். வேனைக் கிளப்புகிறார். மாவட்டம் தாண்டப் போலீஸ் அனுமதிக் கடிதம் வேண்டும். தடுப்பில் திருப்பி அனுப்பினார்கள். அக்கா காசில் தப்பிய வேன் அக்காவிடம் போக முடியவில்லை. மலர் அழைத்த ஆம்புலன்ஸ் வந்தது. காலம் தாண்டிப் போயிருந்தது. மறுநாள் அக்கா இறந்தாள்.

உடலைப் போனில்தான் பார்த்தோம். பிளாஸ்டிக்கில் சுற்றியிருந்தது. முகம் தெரியவில்லை. பத்து பேர்கூட இல்லை. என் உறை அலமாரியிலேயே இருந்தது. ஒரு கார் வாடகைக்கு அதில் கால்வாசி போதும். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

இப்போது போனைத் திறந்தால் யாராவது பேசுகிறார்கள். ஆபத்துக் காசு எவ்வளவு வேண்டும்? மூன்று மாதச் செலவு என்கிறார் ஒருவர். ஆறு மாதம் என்கிறார் இன்னொருவர். பிள்ளை குட்டிக்காரர்கள் என்றால் இன்னும் கூட. கேட்டுக்கொள்கிறேன். தவறில்லை. பள்ளி மூடியிருந்த காலத்தை அனுபவித்தவள் நான். ஆறு மாதமே போதாது. முடிந்தால் சேருங்கள். முடியாவிட்டால் ஒரு மாத அரிசி, வாடகை, தவணை. அதையாவது உங்கள் பேரில், உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். ஊரார் வீட்டில் வைக்காதீர்கள். அதற்கு மேல், வாயைத் திறந்து கேட்காத ஆள் ஒருவர் உங்கள் வீட்டைச் சுற்றி இருப்பார். அவருக்கும் சேர்த்து வையுங்கள். அவர் வேண்டாம் என்பார். முறையாவது ஒன்றாவது, கொடுத்துவிடுங்கள்.

மலர் கல்யாணம் முடிந்துவிட்டது. உறையோடுதான் போனேன். பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பிறகு தெருவோர ஒட்டுக்கடையில் தேநீர். மண்டபம் இல்லை. மொய் எழுத ஆள் இல்லை. உறையை நீட்டினேன். அவள் என் கையை மூடினாள்.

"வேணாம் சித்தி. நாங்க யாருக்கிட்டயும் வாங்கல. மண்டபக் காச ஆபத்துக்குன்னு அப்படியே எடுத்து வச்சிட்டேன். அம்மாவுக்கு இல்லாமப் போச்சுலா, அது."

கணக்கைச் சொல்கிறேன். மண்டப முன்பணம் போனது. இத்தனை வருஷ மொய்யில் பாதி வரவில்லை. எங்களுக்கு வைக்க வேண்டியவர்களில் நான்கு பேர் உயிரோடு இல்லை. தீபாவின் சடங்கு நடக்கவே இல்லை. கிண்ணம் முந்நூறில் மிச்சம் இருபத்திரண்டு. வேன் இருக்கிறது. இன்று காலையும் ஓடியது. அக்கா ஒருத்தி, அவள் இல்லை. ஐந்நூற்று ஒரு வெள்ளி அலமாரியில் இருக்கிறது. செலவழிக்க மனம் வரவில்லை. மொய்யாக வைக்க வீடு இல்லை.