செவுத்தத் தாண்டுற பெட்டி

வெங்கடேஸ்வரி: தாத்தா, தினம் நாலு வீட்டுல மாட்டுறவ நான், சொன்னாக் கேளுங்க. நெட்டுப் பெட்டிய ஹாலுலதான் மாட்டணும். மாட்டுத் தொழுவுல எந்த ஊருல மாட்டுவாங்க?

மொக்கைச்சாமி: செட்டியார்பட்டியில மாட்டுவாங்க. எம் பசுவுக்குச் சாயங்காலம் பாட்டு வைக்கலைன்னா, பால மடியிலேயே தயிராக்கிரும் தாயி.

மாடத்தி: அந்தப் பசுவத்தான் ஆடியிலயே வித்தாச்சே…

மொக்கைச்சாமி: நீ சும்மா இரு மாடத்தி. வாங்குனவன் தயிரு பொறுக்காம திருப்பிக் கொண்டு வருவான்.

வெங்கடேஸ்வரி: சரி, எந்தப் பெட்டி? மோடமும் ரவுட்டரும் சேந்தாப்புல ஒண்ணு இருக்கு. ஒங்க ரெண்டு பேருக்கு அதே போதும். இல்ல, மோடம் ஹாலுல, ரவுட்டர் தனியா… நாலு கொம்பு வச்சது.

மொக்கைச்சாமி: கொம்பு வச்சதே குடு.

வெங்கடேஸ்வரி: அதுல ரெண்டு அலை உண்டு. ஒண்ணு நல்ல வேகம், ஆனா செவுத்தத் தாண்டாது. இன்னொண்ணு மெதுவா…

மொக்கைச்சாமி: தாண்டுமா?

வெங்கடேஸ்வரி: தாண்டும். ஆனா வேகம்…

மொக்கைச்சாமி: வேகம் எனக்கெதுக்கு? நான் என்ன பஸ்ஸா பிடிக்கப் போறேன்? தாண்டுறதப் போடு.

வெங்கடேஸ்வரி: எந்தச் செவுத்த?

மொக்கைச்சாமி: பொதுவாச் சொன்னேன்…

வெங்கடேஸ்வரி: என்னமோ மறைக்கீக தாத்தா.

மொக்கைச்சாமி: ஏட்டி, நான் பட்டாளத்துல சிக்னல் பிரிவு. ஒருநா கம்பி அறுந்துபோச்சு. ரெண்டு முனையையும் ரெண்டு கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன். கர்னல் அவர் சம்சாரத்தோட பேசுனது பூராவும் எம் வழியாத்தான் போச்சு. ஒரு வாரம் எனக்கு இந்தியிலதான் கொட்டாவி வந்துச்சு.

மாடத்தி: பட்டாளத்துல இவிய சமையக்காரரு தாயி.

மொக்கைச்சாமி: சிக்னல் பிரிவுக்குச் சமையல்!

மாடத்தி: நான் சொல்லுதேன் கேளு. தொழுவுக்கு அந்தப் பக்கம் இவிய தங்கச்சி வீடு. அவ புருசன் சோணைமுத்து ஆசையா ஒரு ராஜபாளையம் நாய் வளக்காவ. அதப் பாத்து, ‘மூக்கு ரோஸா இல்ல மச்சான், இது கலப்பு’ன்னுட்டாவ இவிய.

வெங்கடேஸ்வரி: அடப்பாவமே… நாயச் சொன்னா பொறுப்பாங்களா?

மாடத்தி: ரெண்டு பேரும் அய்யனார் கோயில்ல சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டாவ. நானா மொதல்ல பேசமாட்டேன், வீட்டாளுகளத் தூதும் விடமாட்டேன்னு. புதன்கிழமை அவிய மக சிவரஞ்சனிக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போடாம புள்ள எப்படி மணவறை ஏறும்? இவிய சோத்துல கைய வச்சபடி உக்காந்திருக்காவ…

மொக்கைச்சாமி: சோத்துல உப்பு இல்ல.

மாடத்தி: அழைப்பே வரல, ஸ்ரீவில்லிபுத்தூர்ல மாலைக்குச் சொல்லி வச்சாச்சு!

மொக்கைச்சாமி: அது பசுவுக்கு.

வெங்கடேஸ்வரி: சரி… இதுக்கும் ரவுட்டருக்கும் என்ன சம்பந்தம்?

மொக்கைச்சாமி: பேசக்கூடாதுன்னுதான் சத்தியம். பெட்டிக்குப் பேரு வைக்கக்கூடாதுன்னு இல்ல. நான் வைக்கிற பேரு அவன் போனுல தெரியுமா, தெரியாதா?

வெங்கடேஸ்வரி: தெரியும். பக்கத்துல வைஃபை தேடுற போனுல எல்லாம் அந்தப் பேரு வரும்.

மொக்கைச்சாமி: அப்ப அடி. ‘மச்சான், ஒன் நாய் அசல்தான், மூக்கு ரோசாப்பூ மாதிரி, எங் கண்ணுலதான் கோளாறு, புள்ளைக்கு மாலை போட…’

வெங்கடேஸ்வரி: நில்லுங்க, நில்லுங்க! அம்புட்டு நீளம் ஏத்துக்கிடாது. சுருக்கமா.

மொக்கைச்சாமி: … ‘நாய் அசல்தான் மச்சான்.’

வெங்கடேஸ்வரி: அடிச்சாச்சு. ஆச்சி, ஒங்க போனத் தொறந்து பாருங்க, பேரு வருதா?

மாடத்தி: வருது… அதுக்குக் கீழ இன்னொண்ணும் வருதே! ‘நாய் கலப்புதான் மச்சான் வா.’

மொக்கைச்சாமி: என்னது…? கலப்பா? எவம்லே சொன்னது? அப்படி ஒரு மூக்கு இந்த ஜில்லாவுல உண்டா? எடு சட்டைய! மொதல்ல வாயத் தொறந்தது அவன், எஞ் சத்தியம் தீந்துது. நேர்லயே கேட்டுட்டு வாரேன்!

மாடத்தி: செத்த பொறுங்க, அது எஞ் செருப்பு…! ஏட்டி, நீ எதுக்குச் சிரிக்க?

வெங்கடேஸ்வரி: காலையில அந்த வீட்டுல பெட்டிய மாட்டுனதே நான்தான் ஆச்சி. அவியளும் வேகம் வேண்டாம், செவுத்தத் தாண்டணும்னுதான் கேட்டாவ. ஒங்ககிட்ட மூச்சு விடமாட்டேன்னு என்னையும் சூடம் அணைக்க வச்சுட்டாவ… ஓடுங்க, ஒங்க ரெண்டு பேருக்கும் அங்க இலை போட்டாச்சு.