மூக்கோரத்துக் கறுப்புக் கோடு

ஆமா, முறைங்க. நல்லா முறைங்க! பேச்சுதான் வரல, முறைப்புக்கு ஒரு குறைச்சலும் இல்ல. எக்ஸ்ரே படம் எடுக்கிற ரூம் வாசல்ல, தள்ளுற கட்டில்ல படுத்துக்கிட்டு, கட்டின பொண்டாட்டிய முறைக்கிற ஆளு இந்த ஆஸ்பத்திரியிலயே நீங்க ஒருத்தர்தான்.

பின்ன என்னங்க? பக்கவாதம் வந்து முழுங்க முடியலைன்னுதானே மூக்கு வழியா வயித்துக்குக் குழாய் போட்டாங்க? அதுல பால் இறங்கித்தானே கண்ணுல கொஞ்சம் வெளிச்சம் வந்துச்சு? அதைப் போய் இழுப்பாங்களா யாராச்சும்? இப்பப் பாருங்க, காலையிலேர்ந்து ஒரு சொட்டு உள்ள போகல. மறுபடி இழுத்துடக் கூடாதுன்னு, அசையிற ஒரு கையிலயும் தலகாணி மாதிரி ஒரு கையுறைய மாட்டி விட்டுட்டாங்க. இத்தனை பேருக்குச் சட்டை தைச்ச கை... ம்ஹூம், எனக்கு அழுகை வராது. கோவந்தான் வருது.

அந்த நர்சம்மா ஒரு கறார்! பால ஊத்தப் போனவ சட்டுன்னு நிறுத்திட்டா. குழாய்ல ஒரு கறுப்புக் கோடு இருக்காம், அது மூக்கோரத்துல இருக்கணுமாம். வெளிய வந்திருக்காம். "கொஞ்சம் உள்ள தள்ளி விட்டுட்டு ஊத்தேம்மா, பசியோட கிடக்குறாரு"ன்னேன். பார்த்தா பாருங்க ஒரு பார்வை! கண்ணால பார்க்காம தள்ளினா மூச்சுக்குழல் பக்கம் போனாலும் போயிடுமாம். அப்புறம் ஊத்துற பால் நுரையீரலுக்குள்ளல்ல போகும்? உசுருக்கே ஆபத்தாம். படம் எடுத்துப் பார்த்தா, குழாய் நுனி வயித்துலயே இல்ல, மேல ஏறி நிக்குது. அதான் இன்னைக்கு டாக்டரம்மா உள்ள திரையில பார்த்துக்கிட்டே புதுசு போடப்போறாங்க. அதுவும் நல்லதுக்குத்தான்னு வைங்க. நீங்களும் குறி போடாம துணியில கத்திரி வச்சதில்லையே.

என்ன, உறையத் தூக்கித் தூக்கிக் காட்டுறீங்க? கழட்டணுமா? கழட்டினா மறுபடி இழுப்பீங்க... சரி சரி, ஆட்டாதீங்க, கட்டிலே ஆடுது. ஒரு நிமிஷந்தான், நர்சம்மா வர்றதுக்குள்ள மாட்டிடுவேன்.

இந்தா, ஆரம்பிச்சுட்டாரு! கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரிச்சுக்கிட்டு. காலையிலயும் இதேதான். கொஞ்சூண்டு காபிதானே? முழுங்கவே வராது, ஆசையப் பாரு! தர மாட்டேன்.

ஏன் தலைய ஆட்டுறீங்க? காபி இல்லையா? அப்புறம்... மூக்கா? மூக்குல என்ன? பிளாஸ்திரியா? ஏன், நல்லாத்தானே ஒட்டியிருக்கு, நேரா, சுத்தமா? பழசு ஓரமெல்லாம் அழுக்கேறி, பார்க்கவே சகிக்கல. காலையில நாந்தானே அதைப் பிச்சு எடுத்துட்டு, முகத்தத் துடைச்சுப் புதுசு...

அடக் கடவுளே.

பிச்சப்ப குழாய் வழுக்குச்சு. வழுக்குச்சுதான். அதுக்கு மேலயே நான் அழகா ஒட்டிட்டேன். நீங்க விரலை விரிச்சது... இவ்வளவு வெளிய வந்துடுச்சுடின்னு அளவு காட்டினீங்களா? நான் என்னமோ காபிக்கு அலையிறாருன்னு வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் சொல்லிச் சிரிச்சேனே!

சிரிக்காதீங்க. பாதி வாய்தான் சிரிக்குது, அதுலயே இவ்வளவு நக்கல்! நான் சொன்னபடி அவ பால ஊத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்... என் விரலை விடுங்க, நெரிக்குது. இல்ல, விடாதீங்க.

கதவு திறந்துடுச்சு. நர்சம்மா, இங்க வாம்மா. கட்டில உள்ள தள்ளுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. இவர் குழாய இழுக்கலம்மா. பிளாஸ்திரிய நான் மாத்தினேன், அப்பதான் வந்துடுச்சு. இனிமே அழுக்கா இருந்தா உன்னைத்தான் கூப்பிடுவேன், தொட மாட்டேன். டாக்டரம்மா கிட்டயும் சொல்லிடு.

அந்த உறையா? அவருக்கு வேணாம். கொண்டா, என் கையில மாட்டு.