நுன்சியா கடையில் ஞாயிற்றுக்கிழமை

தெற்கு ஃபிலடெல்ஃபியாவில் ஞாயிற்றுக்கிழமை நல்ல முட்டை சாப்பிட வேண்டுமென்றால் கொஞ்சம் சீக்கிரமே போய்விட வேண்டும். வெயில் ஏறிய பிறகு போனால் இளவட்டங்கள் நாய்க்குட்டிகளோடு நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். பெயரைக் கொடுத்துவிட்டு, அடுத்தவர் தட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நீங்கள் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றீர்கள். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். மற்றதையும் சொல்லிவிடுகிறேன். எதையும் மறைக்கும் உத்தேசம் எனக்கில்லை.

இந்த ஊரில் மது விற்க உரிமம் வாங்குவதும் ஒரு வீடு வாங்குவதும் ஒன்றுதான். சின்னக் கடைக்காரர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. சமையல் அவர்களுடையது, பாட்டில் நம்முடையது. நாம் கொண்டுபோவதைத் திறந்து, கோப்பை வைத்து, வாளியில் பனிக்கட்டி நிரப்பிக் கொடுப்பார்கள். அதற்குத் தனியாக எதுவும் கேட்கமாட்டார்கள். என்னைப் போல் கண் மருத்துவமனையில் தொலைபேசி எடுத்துக் காலந்தள்ளிய ஒருத்தி வாராவாரம் ராணி மாதிரி சாப்பிட முடிந்தது இதனால்தான்.

நாங்கள் மூன்று பேர். நான், பெவ், மார்ட்டி. பெவ் என்னோடு மருத்துவமனையில் வேலை பார்த்தவள். மார்ட்டி ஹான்லன் கூரை போடுகிறவன். என் வீட்டுக் கூரைக்கு ஒட்டுப்போட வந்தவன்தான் நண்பனானான், லொரெட்டா என்ற என்னை ‘லோ’ என்றே கூப்பிட ஆரம்பித்தான். மனைவி விட்டுப் போய்விட்டாள், ஒரே மகள் காலீனுக்குத் திருமணமாகிவிட்டது. எனக்கும் அப்படி யாருமில்லை. ஞாயிற்றுக்கிழமை நுன்சியா கடையின் ஜன்னலோர மேசைதான் எங்கள் வீடு.

நுன்சியா கடையைப் பார்த்தால் கடை என்று சொல்லமாட்டீர்கள். ஒரு வரிசை வீட்டின் முன்னறை, அவ்வளவுதான். ஆனால் அவள் நீட்டு மிளகாயை வதக்கி, அதன்மேல் முட்டையை உடைத்து ஊற்றித் தருவாளே, அதைச் சாப்பிட்டுவிட்டு வாழ்க்கையைப் பற்றிக் குறை சொல்கிறவனை நான் பார்த்ததில்லை. நாங்கள் பாட்டில்களைக் கொண்டுபோவோம். நுரை ஒயினுக்கு அவள் ஆரஞ்சுச் சாறு பிழிந்து தருவாள். வோட்காவுக்குத் தக்காளிச் சாறு. மிளகும், மூக்கில் சுருக்கென்று ஏறும் ஒரு காரக்கிழங்கின் துருவலும் போட்டு, ஒரு குவளை நிறைய.

பை என் பொறுப்பு. குளிர் தாங்கும் நீலப் பை. மார்ட்டி வாசலிலேயே அதைத் தூக்கிப் பார்ப்பான்.

“என்ன லோ, இவ்வளவு கனமா இருக்கு? பாதிரியார் வீட்டு அலமாரியை ஒடைச்சிட்டியா?”

“ஆமா. உன் பங்கு பாவத்தையும் சேர்த்து எடுத்துட்டு வந்திருக்கேன்.”

“அப்ப இன்னொரு பை வேணுமே, தாயி.”

கடை முழுக்கச் சிரிக்கும். இரண்டு கோப்பை உள்ளே போனால் பக்கத்து மேசைக்காரர்களுக்கும் எங்கள் ஒயினை ஊற்றிக் கொடுப்பான். சமையற்கட்டுக்குள் போய் நுன்சியாவுக்கு ஒரு கோப்பை நீட்டுவான். அப்புறம் பாடுவான். நல்ல குரலென்று சொல்ல முடியாது. ஆனால் அவன் பாடினால் முன்பின் தெரியாதவர்கள்கூட முட்கரண்டியால் தட்டில் தாளம் போடுவார்கள். அந்த மேசையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் நான். வாரத்தில் மற்ற நாட்களில் என்னை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் பார்த்தார்கள்.

பிறகு அந்த விபத்து நடந்தது. மார்ட்டி குடித்துவிட்டு, பேத்தி மேவைப் பின்சீட்டில் வைத்து வண்டியோட்டிக்கொண்டு போய், நின்றிருந்த ஒரு வண்டியில் மோதினான். குழந்தைக்கு ஒரு கீறலும் இல்லை. அவனுக்குத்தான் மருத்துவமனையில் இரத்த வாந்தி. காலீன் வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே சொன்னாள்: “நீ குடிக்கிறவரைக்கும் உனக்கு நானும் இல்ல, அவளும் இல்லப்பா.”

மார்ட்டி அன்றோடு விட்டுவிட்டான். அவனை மெச்சத்தான் வேண்டும். தேவாலயத்துக் கூடத்தில் குடியை விட்டவர்கள் கூடுவார்களே, அந்தக் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமையும் வந்தான். வெறும் தக்காளிச் சாறு. “எனக்கு மட்டும் பச்சைப் பிள்ளைங்க குடிக்கிற மாதிரி குடு நுன்சியா” என்பான். நாங்கள் அவன் முன்னால் குடிக்கலாமா என்று பெவ் கேட்டாள். “குடிங்கடி, நான் என்ன கண்ணு வைக்கவா போறேன்” என்றான்.

நான் நியாயமாகவே பேசுகிறேன்: அவன் உடம்பு தேறியது. முகத்தில் சிவப்பு போய்விட்டது. ஆனால் அவன் பேச்செல்லாம் தூக்கத்தைப் பற்றியும் காலை நடையைப் பற்றியும் ஆகிவிட்டது. பாட்டு இல்லை. பக்கத்து மேசைக்காரர்கள் எங்களைத் தாண்டிப் பார்த்தார்கள். சாப்பிட்ட கையோடு கூட்டத்துக்கு நேரமாகிறது என்று எழுந்துவிடுவான். திருவிழா முடிந்த தெரு மாதிரி இருந்தது மேசை.

அந்தக் குளிர்காலத்தில் பெவ் ஃபுளோரிடாவில் தங்கை வீட்டுக்குப் போனாள். வெயில் பிடித்துப்போய் அங்கேயே இருந்துவிட்டாள். மிச்சம் நாங்கள் இரண்டு பேர். ஒரு ஞாயிறன்று மார்ட்டி முகமெல்லாம் பல்லாக வந்து உட்கார்ந்தான்.

“லோ, காலீன் மனசு மாறிட்டா. வசந்தம் வந்ததும் ஞாயித்துக்கிழமை மேவை என்கிட்ட விடுறேன்னு சொல்லிட்டா. நான் அவளுக்கு அப்பம் சுட்டுக் குடுக்கப் போறேன். என் வீட்ல, என் கையால.”

“ஞாயித்துக்கிழமையா?”

“ஆமா. நீயும் வாயேன் ஒருநாள்.”

நான் சந்தோஷம் என்றேன். உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். கோபம் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது தப்பு. நான் யோசித்தேன், அவ்வளவுதான். பழைய மார்ட்டி கொஞ்சம் திரும்பி வந்தால் போதும், இந்த மேசையை விட்டுப் போக அவனுக்கே மனம் வராது என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் அவன் நுன்சியாவோடு பேச உள்ளே போனபோது, என் வோட்காவில் ஒரு துளி அவன் குவளையில் விட்டேன். உப்பு போடுகிற அளவுதான். அந்தக் காரக்கிழங்கின் நெடியில் அது தெரியவே தெரியாது. அவன் வந்து குடித்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லிச் சிரித்தான். நான் எவ்வளவு நாளாக அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை, தெரியுமா?

“இன்னிக்குச் சாறு அமிர்தமா இருக்கே. என்ன போட்ட நுன்சியா?”

“அன்பைப் போட்டேன் கெழவா” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

வாரம் செல்லச்செல்ல அளவைக் கூட்டினேன். ஒரேயடியாகக் கொட்டுகிற முரட்டுத்தனமெல்லாம் என்னிடம் கிடையாது. அவன் கன்னத்தில் நிறம் ஏறியது. பக்கத்து மேசைகளோடு மறுபடி வம்பளந்தான். கூட்டத்துக்கு நேரமாகிறது என்று சொல்வது குறைந்தது.

ஆனால் அவன் குழம்பியும் போனான். அதையும் சொல்ல வேண்டும். ஒருநாள் என்னை வீட்டில் விட வந்தவன், வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

“லோ, நான் ஒரு சொட்டுகூடத் தொடல. சத்தியமா. ஆனா வாரம் பூரா அது என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. திங்கக்கிழமை கை நடுங்குது. கூட்டத்துல சொன்னா நம்பமாட்டேங்கிறாங்க. ‘ஒளிக்காம சொல்லு மார்ட்டி’ங்கிறாங்க. எனக்குப் பைத்தியம் புடிக்குதா?”

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். “எல்லாம் மனசுதான் மார்ட்டி. நீ உன்னையே ரொம்ப வாட்டிக்கிற” என்றேன்.

அவனுக்கு ஆறுதலாக இருந்தது. அதை என்னால் பார்க்க முடிந்தது.

குடித்த வாசனை வந்தால் குழந்தையை விடமாட்டேன் என்று காலீன் முன்பே எச்சரித்திருந்தாள் போலிருக்கிறது. வசந்தம் தொடங்கியதும் மேவை அழைத்துவந்தவள், வாசலில் அவன் வாயருகே முகர்ந்து பார்த்தாள். அது எங்கள் சாப்பாடு முடிந்து அவன் வீடு திரும்பிய நேரம். குழந்தையை வண்டியிலிருந்து இறக்காமலே திரும்பிப் போய்விட்டாள். அவன் தெருவில் நின்று, தான் குடிக்கவில்லை என்று தாயின்மேல் ஆணையிட்டானாம். குடிகாரர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள் என்றாளாம் அவள்.

அடுத்த ஞாயிறு அவன் நுன்சியா கடைக்கு வந்தான். சாற்றைத் தள்ளி வைத்தான். என் கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான்.

“குடிக்காமலே குடிகாரன்னு பேரு வாங்கியாச்சு. அப்புறம் எதுக்கு இந்த நோன்பு?”

எங்கள் ஞாயிறுகளிலேயே மிகச் சிறந்தது அதுதான். அவன் பாடினான். பின்மேசையில் பிறந்தநாள் கொண்டாட வந்த செவிலியர்கள் எழுந்து ஆடினார்கள். நுன்சியா கரண்டியோடு வெளியே வந்து, “அட, செத்தவன் எழுந்துட்டான்டி” என்று அவன் தலையில் முத்தமிட்டாள். பாலாடைக்கட்டி அப்பம் ஒரு தட்டு, யாரும் கேட்காமலே வந்தது. ஜன்னல் வழியாக வெயில் பாட்டில்மேல் விழுந்தது. இதை நான் எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன்: அன்று அந்தக் கடையில் சோகமாக ஒருவர்கூட இல்லை.

அதன்பிறகு அவன் தினமும் குடித்தான். அதற்கு நான் பொறுப்பல்ல என்று சொல்லமாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நான் கூட இருந்தேன்.

கடைசி ஞாயிறு. காலையிலேயே தொலைபேசி. அழுகிறான்.

“லோ, என்னால முடியல. வந்து என்னைக் கூட்டத்துல விடு. தனியாப் போனா வழியில எங்கயாவது நுழைஞ்சிருவேன். நீ வந்தா போயிருவேன். இன்னிக்கு எழுந்து எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்.”

உடனே கிளம்பினேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். முகம் மஞ்சள் பூத்திருந்தது. சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். என் வண்டியில் ஏறியதும் சின்னப் பையன் மாதிரி கைகளைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டான். முனையில் நான் இடப்பக்கம் திரும்பினேன்.

“லோ, தேவாலயம் அந்தப் பக்கம்.”

“முதல்ல ஒருவாய் சாப்பிடு. வெறும் வயித்தோட எப்படி எழுந்து நின்னு பேசுவ?”

அவன் சந்தைத் தெருவைத் தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு மெதுவாகத் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தான். பை அங்கே இருந்தது.

“என்ன கொண்டு வந்திருக்க?” என்று கேட்டான்.

அவனேதான் கேட்டான். நான் வற்புறுத்தவில்லை. கடையில் முட்டையை அவன் தொடவில்லை, பாட்டிலைத்தான் முடித்தான். பாடச் சொன்னேன். இரண்டு வரி பாடினான். வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். அன்று மாலை உள்ளே எங்கோ இரத்தக்குழாய் வெடித்துச் செத்துப்போனான்.

அடக்கம் முடிந்து எல்லோரும் நுன்சியா கடைக்குத்தான் வந்தோம். அவள் வாசலைச் சாத்திவிட்டு எங்களுக்காக மட்டும் சமைத்தாள். ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவந்திருந்தார்கள், அவன் நினைவாக. நல்ல கூட்டம், சிரிப்புக்கூட இருந்தது. காலீன் மட்டும் ஜன்னலோரம் தனியாக அழுதுகொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அவரு என்கிட்ட பொய் சொன்னாரு, லொரெட்டா. அந்த வசந்தத்துல வாசல்ல நின்னு சத்தியம் பண்ணாரு. அவர் செத்தது கூட ஆறிடும். என் மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொன்னாரு பாரு, அதுதான் ஆறல.”

அந்தப் பெண்ணைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அதனால் உண்மையைச் சொன்னேன்.

“உங்கப்பா பொய் சொல்லலம்மா. அப்ப அவரு ஒரு சொட்டுகூடத் தொடல. நான்தான் அவர் சாறுல ஊத்திட்டிருந்தேன். அவருக்கே தெரியாது.”

அவள் மனசு லேசாகும் என்று நினைத்தேன். அவள் என்னையே பார்த்தாள். மற்றவர்களின் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. காலீன் கதவைத் திறந்து வெளியே போய்ப் போலீஸை, உங்களைத்தான், அழைத்திருக்கிறாள்.

நீங்கள் இன்னொன்று கேட்டீர்கள். அவன் உடல்நிலை எனக்குத் தெரியுமா என்று. தெரியும். விபத்துக்குப் பிறகு, காலீன் போய்ச் சற்று நேரம் கழித்து, மருத்துவர் வந்தார். அப்போது கட்டிலருகில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். ஈரல் போய்விட்டது, மறுபடி தொடங்கினால் பிழைக்கமாட்டார் என்று தெளிவாகச் சொன்னார். மார்ட்டி அப்போது மயக்க மருந்தில் தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்ததும் சொல்லுங்கள் என்றார் என்னிடம். அவனைப் பயமுறுத்த வேண்டாமென்று நினைத்து நான் அவனிடம் அதைச் சொல்லவில்லை. தெரிந்துதான் முதல் துளியை விட்டேன். தெரிந்துதான் அந்த முனையில் இடப்பக்கம் திரும்பினேன். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கடை வாசலில் உங்கள் ஆட்களுக்காகக் காத்திருந்தபோது காலீன் ஒன்றே ஒன்று கேட்டாள். “அப்பா வரலன்னா நீங்க தனியாப் போய்ச் சாப்பிட்டிருக்கக் கூடாதா?” அதை நான் நேர்மையாகவே யோசித்துப் பார்த்தேன். இங்கே வந்தபிறகும் யோசித்தேன். முட்டையைத் தனியாகச் சாப்பிட்டுவிடலாம், அதில் ஒன்றுமில்லை. ஆனால் நீங்களே சொல்லுங்கள், ஒரு முழுப் பாட்டிலை ஒருத்தி மட்டும் உட்கார்ந்து காலி செய்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?