எடைமேடைக்கு இரண்டு விசில்

பொறுமையே உருவாய் வீற்றிருக்கும் அவைத்தலைவர் அவர்களே, பேருந்துப் பணிமனையின் மூத்த பெருமக்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே, மேடையில் எடைக்கருவியைக் கண்டதும் பின்வாசல் பக்கம் ஒதுங்கி நிற்கும் ஓட்டுநர், நடத்துநர் தம்பிமார்களே! அனைவருக்கும் பணிவான வணக்கம். தம்பி, அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்கள். ஒருவரும் தப்பக் கூடாது!

நாட்டில் உடல் பருமன் ஏறிக்கொண்டே போகிறது என்று செய்தி வாசிக்கிறார்கள். உடனே நாம் என்ன செய்கிறோம்? பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கிறோம்! பக்கத்து வீட்டுக்காரர் யாரைப் பார்க்கிறார்? நம்மைப் பார்க்கிறார்! சிரிக்காதீர்கள் அம்மா, உங்கள் வீட்டுக்காரரும் பின்னால்தான் நிற்கிறார். கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைக்கும் சின்ன எண்தான் உடல் நிறைக் குறியீட்டெண். அது கடிக்காது, உதைக்காது. ஆனாலும் அதைக் கண்டு நடுங்காத ஆண்பிள்ளை இந்தப் பணிமனையில் உண்டா?

முன்பொரு முறை நாடு தழுவிய கணக்கெடுப்புக்காக எடை பார்க்க வந்தார்களே, நினைவிருக்கிறதா? அன்றைக்குத் தொந்தி வைத்த அத்தனை பேரும் விடியலிலேயே வண்டியைக் கிளப்பிக்கொண்டு பறந்துவிட்டார்கள். ஒரு பேருந்துகூடத் தாமதம் இல்லை! மிஞ்சிய ஒல்லிப்பிச்சான்களை நிறுத்துப் பார்த்து, நல்ல ஆரோக்கியமான பணிமனை என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். தப்பியவர்களில் முதல் ஆள், இங்கே ஓட்டுநராக இருக்கும் என் வீட்டுக்காரர். "நான் என்ன குண்டா? பாடி கொஞ்சம் அகலம், அவ்ளோதான்" என்று என்னிடமே சொன்னவர்.

அந்த ஆண்டே என் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. "என்னோடதுல ஒண்ண எடுத்துக்கோங்க" என்று மருத்துவர் முன்னால் சட்டையையே தூக்கிவிட்டார் இவர். இரத்தம் பொருந்தியது, மனம் பொருந்தியது, குறியீட்டெண் பொருந்தவில்லை! "இந்த எடையில உங்களுக்கு ஆபரேஷன் பண்ண முடியாது. குறைச்சிட்டு வாங்க" என்றார் மருத்துவர். இவர் கேட்டார்: "உயரத்தைக் கூட்ட ஏதாச்சும் மாத்திரை இருக்கா டாக்டர்?" உள்ளே சிரித்தேன். வெளியே வந்து அழுதேன். அவரும் அழுதார்.

காப்பாற்றியது யார் தெரியுமா? அதோ, தூணுக்குப் பின்னால் ஒளிகிறாரே, இவருடைய நடத்துநர், அவர்தான்! ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும், இரண்டு கொடுத்தால் கிளம்பும் அல்லவா? உணவகத்தில் இவர் கை இரண்டாவது தட்டை நோக்கி நீண்டால் போதும், அடிப்பார் ஒரு விசில்! "அண்ணே, அண்ணிக்காக!" நீண்ட கை நின்றுவிடும். பணி முடிந்ததும் நடந்தே வீடு வந்தார். நடந்தார், வியர்த்தார், என்னைத் திட்டினார், மறுநாளும் நடந்தார். எடை இறங்கியது. மருத்துவரும் ஒருநாள் தலையசைத்தார்.

என் வீட்டுக்காரர் தந்த சிறுநீரகம், இதோ, என் அடிவயிற்றின் வலப்பக்கம் கைப்பிடி அளவில் உழைத்துக்கொண்டிருக்கிறது. இன்று மறுபடியும் கணக்கெடுக்க வந்திருக்கிறார்கள். பெருமக்களே, நாட்டின் கணக்கு பக்கத்து வீட்டில் இல்லை, நம் இடுப்பில் இருக்கிறது! ஒளிந்தால் யாரை ஏமாற்றுகிறோம்? எழுத வந்தவரையா? கட்டிய மனைவியையா? நாளை உங்களிடம் உயிர் கேட்டு நிற்கப்போகிறவர் யாரென்று இன்றைக்கு உங்களுக்குத் தெரியுமா?

நானே முதலில் ஏறுகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டேன். இந்த முள் காட்டப்போகும் எடையில் ஒரு கைப்பிடி அவருடையது, அதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். இவ்வளவு நேரம் நழுவாமல் நின்ற நல்ல உள்ளங்களுக்கு நன்றியும் வணக்கமும். தூணுக்குப் பின்னால் இருக்கும் தம்பி, எடுங்கள் விசிலை. வரிசை கிளம்பட்டும், இரண்டு அடியுங்கள்!