அரிசி வாங்காத வீடு

— மறுபடியும் கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்கம்மா. போன வாரம் உங்க வீட்டுக்கு அரிசி எவ்வளவு வாங்கினீங்க?

— பன்னண்டு கிலோ. அன்னைக்கே சொன்னேனே மேடம்.

— வீட்ல மூணே பேரு.

— மூணு பேருதான். நான், அவரு, பொண்ணு.

— மூணு பேரு ஒரு வாரத்துல பன்னண்டு கிலோவா?

— அட, எங்களுக்கெல்லாம் கொஞ்சம் பசி ஜாஸ்தி மேடம்.

— காய்கறி?

— வாங்கல.

— ஆனா ஏழு நாளும் சாப்பிட்டிருக்கீங்க. பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ். நீங்க சொல்லித்தான் நான் எழுதினேன்.

— பின்னாடி தோட்டத்துல காய்ச்சிருக்கும்.

— பின்னாடி நான் போய்ப் பாத்தேன். துணி காயுது, ஒரு ஓட்டை வாளி கவுந்து கிடக்கு. கேரட் ஒண்ணும் என் கண்ணுக்குத் தெரியல.

— ஏன் மேடம் இப்படி போலீஸ் மாதிரி குடையுறீங்க? நாங்க என்ன திருடியா சாப்பிடுறோம்?

— ஐயோ, அப்படி இல்லம்மா. உங்க மேல எனக்கென்ன சந்தேகம்? சந்தேகமெல்லாம் என் மேலதான். போன வாரம் குடும்பச் செலவு கணக்கெடுப்புக்கு வந்தப்போ இங்க ஒரு ஃபாரம் எழுதினேன். இந்தப் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், உங்க கொழுந்தன் வீட்ல ஒரு ஃபாரம் எழுதினேன். ரெண்டையும் எங்க சூப்பர்வைசர் மேசை மேல வீசிட்டாரு.

— ஏன்? என்ன தப்பு?

— அந்த வீட்ல அஞ்சு பேரு. ஒரு மணி அரிசி வாங்கல, ஆனா தினமும் சோறு. இந்த வீட்ல ஒரு காய்கூட வாங்கல, ஆனா தினமும் காய். வீடு வீடாப் போனியா, இல்ல பஸ் ஸ்டாப்ல உக்காந்து நீயே இட்டுக்கட்டி எழுதினியான்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாரு. எனக்கு அம்பத்திரண்டு வயசும்மா. இருபது வருஷமா முட்டி தேயத் தேய இந்த வேலைய செய்றேன். ஒரு நாள் ஒரு எண்ணைக் கூட்டி எழுதினதில்ல.

— அடப்பாவமே.

— இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள இந்த ரெண்டு ஃபாரத்துக்கும் நான் விளக்கம் குடுக்கணும். இல்லன்னா இந்தத் தெருவுல நான் எழுதின முப்பத்திரண்டும் குப்பைக்குப் போகும். கூடவே என் வேலையும் போகும்.

— அக்கா! சொல்லிடுங்கக்கா! பாவம் அவங்க!

— அடியே, நீ பலகைக்கு அந்தப் பக்கம் வாயை மூடிக்கிட்டு இரு.

— எப்படிக்கா இருக்கிறது? எல்லாந்தான் இங்க கேக்குதே. இருங்க, வாசப்பக்கமா சுத்தி வரேன்.

— வராதடி, எதிர் வீட்டுக்காரங்க பாத்தா... வந்துட்டா. என்னைக்கு இவ என் பேச்சைக் கேட்டா!

— மேடம், நான் சொல்றேன், எழுதிக்கோங்க. அரிசி அக்காவோடது, காய் என்னோடது.

— என்னது?

— எனக்குச் சோறு வடிக்கவே வராது மேடம். ஒண்ணு குழைஞ்சிடும், இல்ல நடுவுல வேகாது. அக்கா வடிச்சா மல்லிப்பூ மாதிரி இருக்கும். ஆனா அக்காவைக் காய் வாங்க அனுப்பினா கடைக்காரன் கழிச்சுப் போட்டதெல்லாம் பையில வந்துடும். அதனால நான் காய் வாங்கி, நறுக்கி, குழம்பு வெச்சுடுவேன். பின்னாடி சமையக்கட்டு ஜன்னல் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. இந்த ஜன்னல்ல சோறு வரும், அந்த ஜன்னல்ல குழம்பு போகும்.

— எத்தனை நாளா?

— பிரிஞ்சு எட்டு மாசமாச்சு. ரெண்டாவது நாள்லேருந்து இப்படித்தான். முதல் நாள் என் சோத்தைத் தின்னுட்டு சின்னவன் அழுதுட்டான் மேடம்.

— அழாம என்ன செய்வான்? பசை காய்ச்சி வெச்சிருந்தா.

— அப்பாடா! அப்போ நான் எழுதினது அத்தனையும் சரி! ஒரு வாய் தண்ணி குடுங்கம்மா, மூச்சே இப்பதான் வருது. தப்பு முதல் கட்டத்துலதான். சமையல் ஒண்ணா தனியான்னு கேட்டேன், ரெண்டு பேரும் தனின்னு சொன்னீங்க. நானும் பலகையைப் பாத்துட்டு ரெண்டு குடும்பம்னு போட்டுட்டேன். எங்க கணக்குல ஒரே சமையல்ல சாப்பிட்டா ஒரே குடும்பம். நடுவுல மதிலே எழுப்பியிருந்தாலும் சரி. ஒரே ஃபாரமா எழுதிட்டா எல்லாம் கச்சிதமா உக்காந்துடும்.

— எழுதாதீங்க மேடம்.

— ஏம்மா? நீங்க சொன்னது எல்லாம் ரகசியம். உங்க வீட்டுக்காரரே வந்து கேட்டாலும் காட்டமாட்டோம், சட்டமே அப்படி.

— அப்போ வேற யாருக்கும் தெரிய வராதா?

— வராது. ஆனா... திருப்பி அனுப்பின ஃபாரம்னா ஆபீஸ்லேருந்து குடும்பத் தலைவருக்கு ஒரு ஃபோன் வரும். உங்க குடும்பத்துல மொத்தம் எட்டு பேரான்னு கேப்பாங்க. அவ்வளவுதான்.

— போச்சு. குடியே கெட்டுது.

— அக்கா, அழாதீங்கக்கா.

— உங்களுக்குத் தெரியாது மேடம். ரெண்டு பேரும் சேந்து நடத்தின பட்டறைக்குப் புது மெஷின் வாங்கலாமா வேண்டாமான்னு அண்ணன் தம்பிக்குள்ள வாக்குவாதம். வார்த்தை தடிச்சுப் போச்சு. அன்னைக்கே இவரு பட்டறைய தம்பிகிட்டயே விட்டுட்டு, அதுக்கு எதிர்ல இருக்கிற பஸ் டிப்போல வேலைக்குச் சேந்துட்டாரு. தம்பி வீட்டுப் பண்டம் ஒரு துண்டு இந்தப் பக்கம் வந்தா, நான் பொட்டியைத் தூக்கிக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்னு சொன்னாரு. சொன்னா செய்ற ஆளு. தட்டுல காய் வைக்கும்போதெல்லாம், நான் வாங்கினதுன்னு பொய் சொல்லித்தான் வைக்கிறேன்.

— எங்க வீட்டுக்காரரும் லேசுப்பட்டவர் இல்ல. அண்ணன்ங்கற வார்த்தையே இந்த வீட்ல கேக்கக்கூடாதுன்னுட்டாரு.

— அப்போ விடுங்கம்மா. நான் எழுதல.

— உங்க வேலை?

— போனாப் போகுது. என் வேலைக்காக உங்க வீட்டை உடைக்க முடியுமா? சூப்பர்வைசர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிறேன், வேற என்ன. இருங்க, அதுக்கு முன்னாடி ஒரு கட்டம் விட்டுப் போயிருக்கு, அதுலயாவது ஏதாவது ஒட்டுதான்னு பாக்குறேன். பெரியவங்களே, உங்க வீட்டுக்காரர் மத்தியானச் சாப்பாடு எங்க?

— வெளிலதான். வாரத்துல ஆறு நாளும் டிப்போ கேன்டீன்ல. நான் கட்டிக் குடுத்தா வேண்டாங்குறாரு. கேன்டீன் சோறு நம்ம வீட்டுச் சோறு மாதிரியே இருக்காம், அவ்வளவு ருசியாம்.

— எந்தக் கேன்டீன்க்கா?

— டிப்போ கேன்டீன்டி. வேற எது?

— அது பூட்டி மூணு மாசமாச்சே! கூரை ஒழுகுதுன்னு இழுத்து மூடிட்டாங்க. காய் வாங்கப் போறப்போ தினமும் பாக்குறேனே, வாசல்ல பூட்டு துருப்பிடிச்சுத் தொங்குது.

— என்ன உளர்ற?

— சின்னவங்களே, உங்க வீட்டுக்காரருக்கு மத்தியானம்?

— நான்தான் கேரியர் கட்டிக் குடுக்குறேன் மேடம். முன்னாடி ரெண்டு அடுக்கு. இப்போ மூணு மாசமா பத்தல பத்தலன்னு நாலு அடுக்கு கேரியர் வாங்கிட்டு வந்துட்டாரு. நானும் வயித்துல ஏதாவது கோளாறோன்னு பயந்து போயிருந்தேன். அதுவும் போதாதுன்னு ரெண்டு தட்டு வைக்கச் சொல்றாரு.

— ரெண்டு தட்டு எதுக்காம்?

— ஒண்ணு சாப்பிட, ஒண்ணு ஈ மொய்க்காம மூடி வைக்கவாம்... அக்கா!

— இருடி. இரு. அந்தக் கேரியர்ல யாரு வடிச்ச சோறு?

— நீங்க வடிச்சதுதான்க்கா.

— அப்போ நான் வடிச்ச சோத்தையே தின்னுட்டு வந்து, என்கிட்டயே கேன்டீன் சோறு ருசின்னு கதை விட்டிருக்காரா அந்த மனுஷன்! மூணு மாசமா!

— சிரிக்கிறீங்களா அழறீங்களாக்கா?

— தெரியலடி. எட்டு மாசமா நெஞ்சுல ஒரு கல்லை வெச்சுக்கிட்டு இருந்தேன், இப்ப யாரோ எடுத்துக் கீழ போட்ட மாதிரி இருக்கு. அவங்க சண்டைன்னு நாம ஒளிஞ்சோம். நாமளும் சண்டைன்னு நெனச்சு அவங்க ஒளிஞ்சிருக்காங்க. மேடம், அந்த ரெண்டு ஃபாரத்தையும் கிழிச்சுப் போடுங்க. புதுசா ஒண்ணு எடுங்க. எட்டு பேரு.

— நிஜமாவா சொல்றீங்க? ஃபோன் வருமே.

— வரட்டும். அதுக்கு முன்னாடி என் ஃபோன் போகட்டும். மணி என்ன?

— ஒண்ணு பத்து.

— சாப்பிடுற நேரம்தான். ரெண்டு பேரும் சத்தம் போடாம இருங்க... ஹலோ, என்னங்க, சாப்பிட்டாச்சா?... கேன்டீன்லயா? ம். இன்னைக்கு என்ன காய்?... பீன்ஸா, நல்லா இருந்துச்சா?... சரிங்க, அந்தக் கேன்டீன்காரர் பக்கத்துலதானே உக்காந்திருக்காரு, அவர்கிட்ட ஃபோனைக் குடுங்க... குடுங்கன்னா குடுங்க... தம்பி, அண்ணிதான் பேசுறேன். ரெண்டு பேருக்கும் சோறு பத்துச்சா?