எல்லார் கண்ணாடியிலும் நின்றவருக்கு

கட்டுப் பிரிக்கும் கனிந்த கரத்தினரே! கலங்கி வந்தோர்க்குக் கண்ணாடி பிடித்த கலங்காத நெஞ்சினரே! இந்த முக அழகு அறுவை மருத்துவமனையின் தலைமைச் செவிலியராய் முப்பத்தோராண்டு முகம் சுளிக்காது பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் எங்கள் 'கண்ணாடி அக்கா'வே! உடன் உழைத்தோர் அனைவரின் வணக்கம்.

கத்தி பிடித்தவர் பெரிய டாக்டர்தான். ஆனால் புது முகத்தை அதன் சொந்தக்காரரிடம் ஒப்படைத்தவர் நீங்கள். மற்ற செவிலியர் எதிரே நின்று கண்ணாடி காட்டுவார்கள். நீங்களோ நாற்காலிக்குப் பின்னே நின்று, இரு கைகளையும் அவர்கள் தோளுக்கு மேலாக நீட்டிப் பிடிப்பீர்கள். மயங்கிச் சாய்ந்தால் தாங்கிக்கொள்ள அதுதான் வசதி என்பீர்கள். அதனால் கட்டுப் பிரித்தவர் பார்த்த முதல் கண்ணாடியில் எப்போதும் இரண்டு முகங்கள் இருந்தன. முன்னே அவருடையது, பின்னே உங்களுடையது.

பெண்களையும் ஆண்களையும் உங்களைப் போல் அறிந்தவர் யார்! பெண்கள் தங்கையோடும் தோழியோடும் வருவார்கள்; கைப்பேசியில் படத்தைக் காட்டி, இந்த மூக்குதான் வேண்டும் என்பார்கள்; வலி எவ்வளவு, வடு எங்கே என்று டாக்டரைத் துளைத்தெடுப்பார்கள். ஆண்கள் தொப்பியும் முகக்கவசமுமாய்ப் பின்வாசல் வழியே தனியாக வருவார்கள், இமை கனத்துப் பார்வையை மறைக்கிறது என்பார்கள், வெளியூரில் வேலை என்று வீட்டில் புளுகியிருப்பார்கள், எல்லாம் பேசி முடித்துக் கதவருகே போனபின் திரும்பி, "பழையபடி ஆயிடுமா?" என்று கேட்பார்கள். கட்டுப் பிரித்ததும் பெண்கள் கண்ணாடியைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். ஆண்கள் தங்கள் முகத்தைப் பார்க்குமுன் கண்ணாடியில் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். தையல் பிரிக்கையில் மயங்கி விழுந்தவர்களில் பெரிய மீசைக்காரர்களே அதிகம் என்பதை இந்த அவையில் நாங்கள் விரித்துரைக்க மாட்டோம்.

பண்பின் பெட்டகமே! இனி எழுதுவதை இத்தகைய வாழ்த்து மடல்களில் எழுதும் வழக்கமில்லை. ஆனால் இங்கே கூடியிருப்போர் அனைவரும் அறிந்ததை மறைப்பானேன்?

முதலில் சொன்னவர் மூக்கைத் திருத்திக்கொண்ட ஓர் ஆசிரியை. "சிஸ்டர், வீட்ல தலை வாரும்போது கண்ணாடியில எனக்குப் பின்னாடி நிக்கிறீங்க. திரும்பிப் பாத்தா யாரும் இல்ல" என்றார். சொல்லிவிட்டு, "இருங்க இருங்க, துணையாத்தான் இருக்கு" என்று சிரித்தார். அடுத்தடுத்து வந்த பெண்களும் அதையே சொன்னார்கள். ஆண்கள் வாயே திறக்கவில்லை. வெகுகாலம் கழித்து இமை திருத்திய வங்கி மேலாளர் ஒருவர் வந்து, தரையைப் பார்த்தபடி, "என் ஃப்ரெண்டு ஒருத்தர் கேக்கச் சொன்னாரு. ஷேவ் பண்ணும்போது பின்னாடி ஒரு நர்ஸ் தெரியுறாங்களாம். அது போயிடுமா?" என்றார். "ஆறினதும் போயிடும்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்றீர்கள். போகவில்லை. மறுமுறை அவரே வந்தார். "போக வேண்டாம்னு சொல்றாரு" என்றார்.

ஒருமுறை நீங்கள் காய்ச்சலில் படுத்துவிட்டீர்கள். அந்த வாரம் எவர் கண்ணாடியிலும் நீங்கள் இல்லை. பெண்கள் விடாமல் தொலைபேசியில் அழைத்தார்கள். ஆண்கள் அழைக்கவில்லை, காத்திருப்பு அறையில் வந்து, பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரு சாராரும் ஒரே சொல்லைச் சொல்லி நாங்கள் கேட்டது அப்போதுதான். "பின்னாடி அவங்க இல்லேன்னா, முன்னாடி இருக்கறது யாருன்னே தெரியல." காய்ச்சலோடு எழுந்து வந்தீர்கள், எங்கள் கருணைக் கடலே!

அதற்கு நீங்கள் கொடுத்த விலையை நாங்கள் அறிய வெகுநாள் ஆயிற்று. உடைமாற்றும் அறையில் கண்ணாடி இருந்தும், தொப்பியைக் கோணலாய் வைத்துக்கொண்டு, வரவேற்பறைப் பெண்ணிடம் சரிசெய்யச் சொல்வீர்கள். அடக்கம் என்று நினைத்தோம். ஒருநாள் அவள் உங்கள் தோளுக்குப் பின்னிருந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டாள். அதில் அவள் மட்டும்தான் இருந்தாள். "எத்தனை வீட்லதான் நிப்பேன்? எனக்குன்னு நான் பாக்குற கண்ணாடியில மட்டும் நான் இல்லடி" என்று சிரித்தீர்களாம்.

பணி நீட்டிப்புக்குப் பெரிய டாக்டரே கெஞ்சினார். "என் மூஞ்சிய நான் பாக்கணும், டாக்டர்" என்று சொல்லிவிட்டீர்கள். எங்களுக்கும் பயமாகத்தான் இருந்தது, அக்கா. பின்னாளில் முகவாயைத் திருத்திக்கொண்ட வரவேற்பறைப் பெண், இமை திருத்திய மயக்க மருந்து டாக்டர், நெற்றியில் முடி நட்டதை இன்றுவரை ஒப்புக்கொள்ளாத மருந்தகத்தார் என, எங்களிலும் பலருக்கு முதல் கண்ணாடி பிடித்தவர் நீங்கள்தானே.

இம்மடலை இத்துடன் வாழ்த்தி முடித்திருந்தோம். இன்று காலை நடந்ததால் மேலும் சில வரிகள் சேர்க்க நேர்ந்தது.

பணிக்கு வந்து முகம் கழுவியபோது கண்ணாடியில் எங்களுக்குப் பின்னால் நீங்கள் இல்லை. எதிர்பார்த்ததுதான். முன்னால் நாங்களும் இல்லை. சுவரும் குழாயும் மட்டுமே தெரிந்தன. ஒருவரையொருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றோம். மருந்தகத்தார் அழுதேவிட்டார். அப்போதுதான் உங்கள் மகள் அழைத்தாள்.

"அம்மா தெரியுறாங்க! கண்ணாடியில அம்மா முகம் வந்துடுச்சு!" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா பின்னாடி ஒரே கூட்டமா இருக்கு. பொம்பளைங்க எல்லாம் முட்டிமோதிக்கிட்டு முன்னாடி நின்னு அம்மாவையே பாக்குறாங்க. ஆம்பளைங்க ஓரத்துல தொப்பியோட, எங்கேயோ பாக்குற மாதிரி நிக்கிறாங்க. கூட உங்க ஆஸ்பத்திரி ஆளுங்களும் இருக்காங்க" என்றாள்.

எங்கே போனோம் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

ஆகவே, எங்கள் அன்பு அக்கா! நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு கடந்தும் வாழுங்கள். நாள்தோறும் தவறாமல் கண்ணாடி பாருங்கள். இதை நாங்கள் மரியாதைக்காகச் சொல்லவில்லை.

இவண்,
உங்கள் முகத்துக்குப் பின்னே நிற்கும்
மருத்துவமனைப் பணியாளர்கள்